மரவை

எங்கள் வீட்டில் ஒரு மரவை இருந்தது. வாய் ஒரு சாண் அகலம். வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே கறுப்பு, விளிம்பைச் சுற்றி நூலிழை போல ஒரு பொன்கோடு. அப்பத்தா அதில் வெற்றிலை பாக்கு வைத்திருப்பார். தாத்தா பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல் வேலை பார்த்தவர். ரங்கூன் கடையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம் அது. பர்மாவிலிருந்து வந்த இந்த மாதிரிப் பாத்திரத்தைச் செட்டிநாட்டு வீடுகளில் மரவை என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பெயர் பாத்திரத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அலமாரித் தட்டிலிருந்து அதைத் தள்ளிவிட்டேன். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே மரம் இல்லை. நகத்தின் அகலம்கூட இல்லாத மூங்கில் கீற்றுகளைச் சுற்றிச் சுற்றி முடைந்திருந்தார்கள். அதன்மேல் அரக்கு மாதிரி ஒன்று ஏடு ஏடாகப் படிந்து இறுகியிருந்தது. அடி விழும் என்ற பயத்தையும் மீறி ஒரு கேள்விதான் வந்தது: இதில் மரம் எங்கே? அப்பத்தாவிடமே கேட்டேன். "அதுக்குப் பேரு மரவைதாப்பு" என்றார். சில்லுப் போன பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார்.

வளர வளரத்தான் தெரிந்தது, நம் பேச்சில் எத்தனை இடத்தில் மரம் இப்படி மறைந்து நிற்கிறது என்று. கோயிலுக்குப் போனால் கொடிமரத்தின் கீழே விழுந்து கும்பிடுகிறோம். கண்ணுக்குத் தெரிவது பொன்முலாம் பூசிய செப்புத் தகடு. உள்ளே நிற்கும் தேக்கையோ வேங்கையையோ, திருப்பணிக்காகத் தகட்டைக் கழற்றும் நாளில் அங்கே இருந்தவர்கள் மட்டுமே பார்த்திருப்பார்கள். நெல் அளக்கும் மரக்கால் இரும்புக்கும் பித்தளைக்கும் மாறிய பிறகும் மரக்காலாகவே இருந்தது. கடலில் போவது மரக்கலம். தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறி வந்த ரஜூலா முழுக்க இரும்பு. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல்; 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதுவும் கலம்தான். சோறு போட்டு உண்பதும் கலம், கடல் தாண்டுவதும் கலம்.

நான் கடைசல் எந்திரத்தின் முன்னால் போய் நின்றதற்கு அந்த மூங்கில் சில்லுதான் காரணம். ஒரு முறையாவது, மரவை என்ற பெயருக்கு உள்ளே மரம் இருக்கிற ஒரு பாத்திரத்தை என் கையால் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் எனக்குப் பாதி இடம் வாடகைக்குக் கிடைத்தது. இடம் கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய கன்டனீஸ் தச்சர். லவ் லேனில் இருக்கிறதே, தச்சர்களின் சங்கமாகவும் அவர்கள் குலதெய்வம் லூ பானுக்குக் கோயிலாகவும் இருக்கும் அந்தப் பழைய கட்டடம், அங்கே வருடம் தவறாமல் போய் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருபவர். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இந்த நாட்டில் தமிழனைச் சீனர்கள் அழைக்கும் பெயர் அது, வயது பார்ப்பதில்லை. எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி கைஜாடை. அவர் எனக்குச் சொன்னதில் பெரும்பகுதி ஒரே சொல்: "பெலான்-பெலான்." மெதுவாக, மெதுவாக.

முதலில் கடைந்தது ரப்பர் மரம். அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்; கல்யாணமாகிப் பினாங்குக்கு வரும்வரை பால் வெட்டியவர். பால் வற்றிய மரத்தை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டிச் சாய்த்து, விறகாக எரிப்பதுதான் அன்றைய வழக்கம். வெட்டிய சில நாளில் பூசணம் பிடித்துப் புழு துளைத்துவிடும் மரம் அது. மருந்தேற்றி உலர்த்தும் முறை வந்த பிறகுதான், 1980களிலிருந்து, மேசையும் நாற்காலியுமாக உலகம் முழுக்கக் கப்பலேறியது. வெளுப்பான, சாதுவான மரம். உளிக்கு எதிர்ப்பே காட்டாது. கை பழக அதைவிட நல்ல மரம் கிடையாது. நாலைந்து கிண்ணம் கடைந்த பிறகு புன்னை வந்து சேர்ந்தது.

செபராங் பிறையின் வடக்குக் கடற்கரைப் பக்கம் காற்றில் விழுந்த மரம். அறுத்து ஒதுக்கிப் போட்டிருந்ததில் மூன்று துண்டை லோரி ஓட்டும் நண்பர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அங்கிள் பட்டையைச் செதுக்கிப் பார்த்துவிட்டு "பெனாகா லாவுட்" என்றார். கசிந்திருந்த மஞ்சள் பாலைத் தொடாதே என்று கையை ஆட்டினார். எனக்கு இலை போதுமாக இருந்தது. நடு நரம்பிலிருந்து சீப்புப் பல் போல நெருக்கமாக ஓடும் இணைகோடுகள். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் தலமரத்தின் கீழே உதிர்ந்து கிடந்து நான் பொறுக்கி வந்த அதே இலை.

பெனாகா என்ற சொல்லைப் பினாங்கில் பிறந்தவன் அப்படிக் கடந்துபோக முடியாது. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய முனைக்கு அதற்கு முன்பே தஞ்சோங் பெனாகா என்று பெயர். புன்னைமுனை. இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் இடம். காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டைத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு கதை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். கதையாகவே இருந்தாலும் அந்த வெள்ளிக்கு விழுந்த மரங்களில் புன்னையும் இருந்திருக்கும். பிறகு அங்கே எழுந்த பட்டணத்துக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வந்தது. ஆனாலும் மலாய்க்காரர்கள் பட்டணத்துக்குப் போவதை இன்றும் தஞ்சோங்குக்குப் போவது என்றே சொல்கிறார்கள். மரம் போய், மரத்தின் பெயரும் போய், முனை மட்டும் வாயில் மிஞ்சியிருக்கிறது. தமிழில் புன்னைக்குப் புன்னாகம் என்றும் பெயர் உண்டு. பெனாகா அதிலிருந்து வந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் காதுக்கு உறவாக இருக்கிறது.

இந்தத் தீவே மரங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் வேலை செய்யும் ஜெலுத்தோங் ஒரு மரத்தின் பெயர். அதன் பாலில்தான் ஒரு காலத்தில் சூயிங் கம் செய்தார்கள். குளுகோர் புளிப்புக்காய் தரும் மரம். சுங்கை ஆராவில் இருக்கும் ஆரா அத்தி இனம். பினாங் என்பதோ பாக்கு. தொல்காப்பியம் புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் கமுகும் மூங்கிலும் புல். ஆக, தீவின் பெயர் புல்லின் பெயர். அதன் முனைக்கு இருந்ததுதான் மரத்தின் பெயர். எங்கள் வீட்டு மரவைக்கும் அதே கணக்குத்தான்.

புன்னையை நம்மவர்கள் வெறும் மரமாகப் பார்த்ததில்லை. நற்றிணையில் ஒரு பெண், தான் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து வளர்ந்த புன்னையைத் தன் உடன்பிறந்தவள் என்கிறாள். அம்மாவே அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. நெய்தல் நிலத்து வீடுகளில் விளக்கெரித்தது புன்னைக்கொட்டை எண்ணெய். படகுக்குப் பலகை, பாய்மரத்துக்குத் தண்டு. இந்தச் சொந்தத்தை நினைத்துக்கொண்டு அதன்மேல் வாள் வைப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் அது விழுந்துவிட்ட மரம். நான் எடுக்காவிட்டால் தூளாக அரைபட்டுக் குப்பைமேட்டுக்குப் போகும்.

பச்சை மரத்தை ஒரே மூச்சில் கடைந்து முடிக்க முடியாது. முதலில் குண்டாக ஒரு கிண்ணம் கடைய வேண்டும். பத்து அங்குல வாய் என்றால் சுவர் ஓர் அங்குலம். வெட்டுமுகத்தில் மெழுகு தடவி, அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் கட்டி, காற்றுப் படாத மூலையில் வைத்து மறந்துவிட வேண்டும். ஈரம் மெல்ல வெளியேறும். வட்டமாக வைத்தது முட்டை வடிவமாகத் திரும்பி வரும். அது மரத்தின் உரிமை. பினாங்குக் காற்றில் நூற்றுக்குப் பதினைந்து பதினாறு பங்கு ஈரம் மரத்தில் எப்போதும் தங்கியே இருக்கும். அதற்குக் கீழே போகாது. எட்டு மாதம் கழித்துப் பையைப் பிரித்தேன். இரண்டு கிண்ணம் நன்றாக இருந்தது. மூன்றாவதில் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மேலே சுண்டுவிரல் நுழையும். கீழே மயிரிழை.

கடைதல் என்ற சொல்லை நான் யோசிக்காத நாளில்லை. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். பழைய கடைசல் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. இரண்டு முளைக்கு நடுவே மரம். அதைச் சுற்றி ஒரு கயிறு. ஒருவர் கயிற்றை இப்படியும் அப்படியும் இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். முன்னால் வரும் சுற்றில் மட்டும் கடைசல்காரர் உளியை அழுத்துவார். மத்தும் கயிறும் செய்யும் வேலையே இது. மந்தர மலையையும் வாசுகியையும் வைத்துப் பாற்கடலைக் கடைந்த கதையில் ஒரு கடைசல் பட்டறையின் படம் முழுசாக இருக்கிறது. சென்னபட்டணத்து பொம்மைக்காரர்களும் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்பவர்களும் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். அடுப்பு வேண்டாம். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். சென்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்து மினுக்கேற்றுவார்கள். பிசினையும் மரத்தையும் சேர்த்துக் கடைவது புதிதாக வந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நான் சிறுவயதில் உருட்டி விளையாடிய சொப்பே பதிலாக இருந்தது.

புன்னையின் நார் ஒரு வளையத்தில் வலப்பக்கமாகவும் அடுத்ததில் இடப்பக்கமாகவும் சாய்ந்து பின்னிக் கிடக்கும். ஒரு திசையில் வழுவழுவென்று சீவி வரும் உளி, ஒரு விரல் தள்ளிப் போனதும் நாரைப் பிய்த்து எடுக்கும். நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுச் சுழலும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். சீவல் விழும் சத்தம் பட்டுத்துணி கிழிவது போல இருந்தால் சரி. கரகரவென்றால் நிறுத்தி உளியைத் தீட்ட வேண்டும். அங்கிள் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பார். கரகரப்புக் கேட்டதும் திரும்பாமலே "அண்ணே" என்பார். அவ்வளவுதான். நிறுத்திவிடுவேன். வெளிறு போய் வைரம் வந்தபோது மரம் செங்காவி நிறமாகி, ஈரத்துணியால் துடைத்ததும் உள்ளே அலை அலையாக ஏதோ நகர்ந்தது. கிண்ணத்தைச் சாய்க்கச் சாய்க்க இருண்ட இடம் ஒளியாகவும் ஒளி இருளாகவும் மாறியது. அன்றைக்கு வேறெதுவும் செய்யாமல் அதையே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடித்த கிண்ணம்தான் என் மனதைப் பிடித்துக்கொண்டது. அதைப் பிசினால் நிரப்புவது என்று முடிவு செய்தேன்.

மரங்களின் பால்தான் இந்தக் கடலைச் சுற்றியிருக்கும் ஊர்களை ஒட்டவைத்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 1870இன் கடைசியில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். அந்தச் செம்புக் கம்பியை உப்புநீர் தின்னாமல் காத்தது கெட்டா பெர்ச்சா என்ற பொருள். இந்தத் தீபகற்பத்துக் காடுகளில் நின்ற தாபான் மரத்தின் உறைந்த பால். ரப்பர் போல நிற்க வைத்துக் கீறிப் பால் எடுத்ததில்லை. முழு மரத்தையும் வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். ஒரு கம்பிக்குக் காடு காடாகப் போனது. சென்னையிலிருந்து பினாங்குக்கு முதன்முதலில் நொடியில் வந்த செய்தி ஒரு மரத்தின் பாலுக்குள் ஊர்ந்து வந்தது.

அப்பத்தாவின் மரவையில் இருந்ததும் பால்தான். பர்மியர்கள் அதைத் தித்-சி என்கிறார்கள். இங்கே காட்டில் ரெங்காஸ் என்றால் மரவெட்டிகள் ஒதுங்கிப் போவார்களே, பட்டால் உடம்பு கொப்பளித்துவிடுமென்று, அதன் நெருங்கிய உறவு. நமக்குத் தெரிந்த முந்திரியும் சேங்கொட்டையும்கூட அதே குடும்பம். வண்ணார் துணியில் குறி போடும் சேங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் என்ன ஆகும் என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். இந்தப் பாலை மூங்கில் முடைசலின்மேல் ஒரு பூச்சுப் பூசி, நிலவறையில் வைத்து உலர்த்தி, தேய்த்து, மறுபடி பூசி, மாதக்கணக்கில் செய்கிறார்கள். நிலவறை எதற்கென்றால், தித்-சி வெயிலில் காயாது. ஈரக் காற்றில்தான் இறுகும். கடைசியில் அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டிப் படம் எழுதுவது பர்மாவின் பகான் ஊருக்குப் பெருமை.

என்னிடம் இருந்தது எபாக்சி. 1940களில் சுவிட்சர்லாந்திலிருந்து அரால்டைட் என்ற பெயரில் வெளிவந்து, உடைந்த எல்லாவற்றையும் ஒட்டும் பசையாக நம் வீடுகளுக்குள் நுழைந்ததே, அதன் தம்பி. இரண்டு குப்பி. ஒன்றில் பிசின், இன்னொன்றில் இறுக்கி. இரண்டும் கலந்ததும் தானாகச் சூடேறி இறுகும். தித்-சிக்கு உயிர் கொடுக்கும் ஈரம் இதற்கு ஆகாது. நான் அக்டோபரில் ஊற்றினேன். பினாங்கில் வானம் மூடிக்கொண்டு கொட்டும் மாதம். வெடிப்பின் வெளிப்புறத்தை ஒட்டுநாடாவால் அடைத்து, கறுப்புச் சாயம் கலந்து ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் மேலே எண்ணெய் தடவியது போல வழவழப்பு. உள்ளே ஆப்பம் மாதிரிக் குமிழ். மரத்துக்குள் இருந்த ஈரக்காற்று சூட்டில் வெளியேறத் தேடிய வழிகள் அவை. என் அவசரத்தை மரம் எழுதி வைத்துவிட்டது. முழுவதையும் குடைந்து எடுக்க மூன்று நாள் ஆனது. அந்தத் தூள் மூக்கில் ஏறாமல் முகமூடி போட்டுக்கொண்டு, வியர்வையில் நனைந்து, ஒவ்வொரு குமிழாகத் திறந்தேன்.

மறுபடி ஊற்றியது தைப்பூச வாரத்தில். சனவரி பிப்ரவரியில்தான் இங்கே வானம் கொஞ்சம் வறண்டிருக்கும். இந்தத் தடவை வெடிப்பின் உட்சுவர்களில் முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு; மரத்தின் மூச்சுவழிகளை அடைத்துவிட்டு, பாதி உயரத்துக்கு ஊற்றி, அது இறுகியதும் மீதி. நீலம் வேண்டாம், கடல் மாதிரி ஒளி ஊடுருவும் நிறம் எதுவும் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். இப்போது சந்தைகளில் விற்கும் கிண்ணங்களிலும் மேசைகளிலும் அந்த நீலம்தான் ஆறாக ஓடுகிறது. பார்க்க அழகு. ஆனால் கண் நேராகப் பிசினுக்குப் போகிறது, மரம் கரையாகிவிடுகிறது. இது புன்னை இருக்க வேண்டிய இடம்.

அது இறுகிக்கொண்டிருந்த நாளில் வெள்ளி ரதம் பார்க்கப் போனேன். 1894இல் நகரத்தார் காரைக்குடியில் செய்வித்துக் கப்பலில் கொண்டுவந்த ரதம். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை அடிவாரம் வரை அது போகும் வழியெல்லாம் தேங்காய் உடைந்து ரோடு வெள்ளையாகக் கிடக்கும். 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்த நாளிலிருந்து பார்க்கிறேன். வெள்ளித் தகட்டுக்குள் மரம் இருக்கிறது என்பது இந்த வருடம்தான் மனதில் உறைத்தது. ரதம் அசைந்து திரும்பும்போது ஒரு கிரீச்சொலி வந்தது. வெள்ளி அப்படிக் கத்தாது. அது மரத்தின் குரல். நாதசுரத்துக்கும் தேங்காய்ச் சத்தத்துக்கும் நடுவே எனக்கு அது தனியாகக் கேட்டது.

தங்கம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி அப்போதிருந்து என்னைப் பிடித்தது. ஏனென்றால் நல்லபடியாக வந்த முதல் கிண்ணத்தின் உட்புறம் முழுக்க அதற்குள் ரேக்கு ஒட்டியிருந்தேன். செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கு. பளபளவென்று வந்தது. அங்கிள் கையில் வாங்கி, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, "தெம்பாகா?" என்றார். செம்பா என்று கேட்கிறார். நாற்பது வருடம் மரத்தோடு இருந்தவர், மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்டார். மூன்று மாதத்தில் கடற்காற்றுப் பட்டு விளிம்பில் பச்சை பூத்தது.

மாண்டலேயில் மகாமுனி புத்தருக்கு நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் ஒட்டிய ரேக்கு முகத்தைத் தவிர உடம்பெங்கும் அரைச் சாணுக்கும் மேலான கனத்தில் ஏறியிருக்கிறது. விரல்கள் எங்கே, மடி எங்கே என்று இப்போது சொல்ல முடியாது. மேடும் பள்ளமுமாகப் பொன். பக்தி அப்படித்தான் வளரும், அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இங்கே லோரோங் பர்மாவில் 33 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் சயாமியக் கோயில் புத்தரைப் பார்க்கப் போகிறவர்களும் சின்னச் சதுர ரேக்கை வாங்கிச் சிலைகளில் ஒட்டிவிட்டு வருகிறார்கள். ஆனால் இங்கே கூ குலத்தாரின் மண்டபமான கூ கோங்சியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இப்போது நாம் பார்க்கும், பொன் பூசிய மரச்செதுக்கல் நிறைந்த மண்டபம் 1906இல் முடிந்தது. அதற்கு முன் கட்டியது முடிந்த சூட்டிலேயே எரிந்துபோனது. சக்கரவர்த்தியின் அரண்மனை போல அளவுக்கு மீறி இழைத்துவிட்டார்கள், தெய்வம் பொறுக்கவில்லை, அதனால் அடுத்ததைக் கொஞ்சம் அடக்கிக் கட்டினார்கள் என்பார்கள். அடக்கியதே இவ்வளவா என்று அந்த உத்தரங்களை அண்ணாந்து பார்த்து நின்றிருக்கிறேன். இருந்தாலும் அங்கே பொன் செதுக்கலின் ஒவ்வொரு மடிப்பிலும் இறங்கி நிற்கிறது. உளி போன வழியைக் காட்டுகிறது. மறைக்கவில்லை.

ஹவாய்த் தீவுக்காரர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் கிண்ணம் செய்த மரங்களில் மிலோவும் கமானியும் உண்டு. மிலோ நம் பூவரசு. கமானி நம் புன்னை. படகேறிப் போன முன்னோர் கமானி விதையைக் கையோடு கொண்டுபோய் நட்டார்கள். கிண்ணம் வெடித்தால் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டை வெடிப்பின் குறுக்கே பதித்துத் தைப்பார்கள். அதற்குப் பேவா என்று பெயர். தையல் ஏற ஏறக் கிண்ணத்தின் மதிப்பு கூடியது. மரத்தின் காயத்துக்கு மரத்தாலேயே கட்டுப் போட்டவர்கள் அவர்கள். எபாக்சிக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் முன் ஒரு தயக்கம் உண்டு. அடுத்த கிண்ணத்துக்குப் பேவா பதித்துப் பழக வேண்டும்.

வெடித்த கிண்ணத்தில் பொன்னை இரண்டே இடத்தில் வைத்தேன். உட்புறத்தில் கறுப்புப் பிசின் ஓடும் கோட்டின்மேல் ஒரு விரல் அகலம். அந்தக் கோடு போய் முடியும் அடிக்குழியில் ஓர் உள்ளங்கை அளவு. அசல் ரேக்கு. பத்தாயிரம் ஏட்டை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் உயரம் வரும். பசை தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரல் கணுவை வைத்து எடுத்தால் இழுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது. மின்விசிறியை நிறுத்தினேன். சன்னலைச் சாத்தினேன். அங்கிள் தன் ரேடியோவையும் நிறுத்திவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கன்னத்தில் தேய்த்த தூரிகையின் நுனியால் தொட்டதும் ஏடு தானாக எழுந்து வந்தது. அதற்குக் கனமே இல்லை. என் மூச்சுப் பட்டு நடுவில் மடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினேன். பசையைத் தொட்ட கணத்தில் பிசினில் இருந்த கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் பொன்னில் எழும்பி வந்தது. பஞ்சால் ஒற்றி, மிச்சத்தைத் தூரிகையால் தட்டிவிட்டபோது பொன்தூள் செங்காவி மரத்தில் விழுந்து இரண்டு மூன்று புள்ளியாகத் தங்கிவிட்டது. அவற்றை எடுக்கவில்லை. அங்கிள் வாங்கித் தட்டிப் பார்க்கவில்லை. விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருப்பித் தந்தார். அடிப்பாகத்தில், பாத்திரம் தரையைத் தொடும் வளையத்துக்கு உள்ளே, எண்ணெய்கூடத் தடவாமல் வெறும் மரமாக விட்டிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொன்னைப் பார்த்தார், அது தங்கம்தானா என்று கேட்டார். பிறகு கறுப்புக் கோட்டில் நகத்தை ஓட்டினார்.

"ஒட்டுப்பால் மாதிரி இருக்குய்யா" என்றார்.

காலையில் வெட்டிய கீறலிலேயே வடிந்து காய்ந்து, நாளானால் கறுத்துப்போகும் பால். அதை உரித்துச் சாக்கில் போட்டு எடை போட்ட கைகள் அவை. கிண்ணத்தைக் கவிழ்த்தார். வெறும் மரமாக விட்டிருந்த இடத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். என்ன மரம் என்று கேட்டார். சொன்னேன்.

சாமி அலமாரியில் அப்பத்தாவின் மரவை இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் இடம் ஒதுக்கி இதை வைத்தார். கவிழ்த்தபடியே வைத்தார். நிமிர்த்தி வைக்கலாமே என்றேன்.

"உள்ளே தங்கம் இருக்குல்ல. வெளக்குப் புகை படும்" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் அதன் முதுகைத் துடைத்தார்.